டெல்லி–டோக்கியோ: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை இணையத்தில் தட்டினால் நொடியில் விடை கிடைத்துவிடும். ஆனால் அந்தத் தூரம் பயணச்சீட்டிலுள்ள நேரத்தோடு ஏன் ஒத்துப்போவதில்லை என்பது, ஒருமுறை தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்கிட்டால்தான் விளங்கும். டெல்லி–டோக்கியோ வழித்தடம் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

முதலில் இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டெல்லி 28.6° வடக்கு, 77.1° கிழக்கு, டோக்கியோவின் ஹனேடா 35.6° வடக்கு, 139.8° கிழக்கு. அட்சரேகை வேறுபாடான 7 பாகையை 111 கி.மீட்டரால் பெருக்கினால் 777 கி.மீ. வரும். தீர்க்கரேகைகள் வடக்கே செல்லச் செல்ல நெருங்கிவிடுவதால் அவற்றுக்கு 111 பொருந்தாது. இரு நகரங்களின் சராசரியான 32 பாகைக்குரிய கோசைன் மதிப்பால் அதைப் பெருக்கி, பாகைக்கு 94 கி.மீ. என்று கொள்ள வேண்டும். 62.7 பாகைக்கு அது 5,894 கி.மீ. ஆகும். இவ்விரண்டையும் பித்தாகரஸ் தேற்றத்தில் இட்டால் ஏறத்தாழ 5,945 கி.மீ. என்று வரும். உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழி வடக்கே வளைந்து செல்வதால் உண்மைத் தூரம் சுமார் 5,860 கி.மீ.தான், கைக்கணக்குக்கு இந்தப் பிழை பெரிதன்று.

அடுத்து நேரம். பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு 900 கி.மீ. அளவில் பறக்கிறது என்று கொண்டு வகுத்தால் ஆறரை மணி. ஏறி இறங்குவதற்கும் தரையில் ஊர்ந்து செல்வதற்கும் அரை மணியைச் சேர்த்தால் ஏழு மணி. ஆனால் கால அட்டவணையில் போவதற்கு ஏறத்தாழ எட்டு மணியும், திரும்புவதற்கு ஒன்பதரை மணியும் இருக்கும்.

இதற்கு முதற்காரணம் திபெத். குறுகிய வழி அந்தப் பீடபூமியின் குறுக்கே செல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பயணிகளுக்கான ஆக்சிஜன் தீர்வதற்குள் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். அங்கே தரையே அதைவிட உயரம். ஆகவே விமானங்கள் பொதுவாக வங்கதேசம், மியான்மர் வழியாகச் சுற்றிச் சீனாவுக்குள் நுழைகின்றன.

இரண்டாவது காரணம் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது மணிக்கு 300 கி.மீட்டரையும் தாண்டுவதுண்டு, போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். (வசாபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலையாளர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்து, 1926இல் எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியில் அறிக்கை வெளியிட்டார், வெளியுலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.)

பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஜப்பான் இந்தியாவைவிட மூன்றரை மணி முன்னால் இருக்கிறது. இரவு 8 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 7.30க்குச் சேரும் என்றிருந்தால், இடைப்பட்ட பதினொன்றரை மணியிலிருந்து மூன்றரையைக் கழியுங்கள். திரும்பும்போது அதையே கூட்டுங்கள்.

கடைசியாக, சீட்டு ஹனேடாவுக்கா, டோக்கியோவின் மற்றொரு விமான நிலையமான நாரிதாவுக்கா என்று பாருங்கள். ஹனேடா நகரத்தை ஒட்டியே இருக்கிறது. நாரிதா நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் இருப்பதால், ரயிலுக்கென்று ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்க வேண்டியிருக்கும்.