நண்பர்களின் வற்புறுத்தலை மீறும் பள்ளி மாணவனைப் பற்றி இளையோர் நாவல் எழுதுவது எப்படி?

படி 1: எதற்காக வற்புறுத்துகிறார்கள்?

'கெட்ட பழக்கம்' என்று பொதுவாக வைத்தால் கதை நகராது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ப்ளஸ் ஒன் படிக்கும் பையன் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேட்பது சின்னதாக இருக்கட்டும், மெல்லும் புகையிலையை மறைத்துவைப்பது மாதிரி: "நீ போட வேணாம்டா, இந்த ஹான்ஸ் பாக்கெட்ட சும்மா உன் பையில வச்சிரு." அடுத்து, மதியம் கட் அடித்துவிட்டு சில்வர் பீச். அப்புறம்தான், "ஒரு தடவை போட்டுப் பாரேன்." இப்படி ஏறிக்கொண்டே போவதுதான் உங்கள் அத்தியாய வரிசை.

படி 2: கூப்பிடுகிறவன் யார்?

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவனை வில்லனாக்கிவிடுகிறார்கள். வில்லனிடம் முடியாது என்று சொல்வதில் என்ன கஷ்டம் இருக்கிறது? அவன் கதாநாயகனுக்கு நல்லது செய்தவனாக இருக்க வேண்டும். கதை 2016இல் நடக்கிறதென்றால், முந்தைய ஆண்டு மழை வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, முதுநகரில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தங்கவைத்தவன் அவன்தான். அவனுடைய அம்மா கையால் சாப்பிட்ட பையன் இப்போது எப்படி மறுப்பான்? வாசகரும் அந்த நண்பனை விரும்பினால்தான் நாவல் வேலை செய்யும்.

படி 3: துணைக்கு ஒருவர்

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். கூட்டம் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதே பக்கம் சாய்ந்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் அந்தச் சாய்வு முன்பு இருந்ததில் கால்வாசியாகக் குறைந்தது. ஆகவே "நானும் வரலை" என்று சொல்ல ஒருவரை வையுங்கள். அவர் ஆசிரியராக இருக்க வேண்டாம். லேபில் பக்கத்தில் நிற்கும், அதிகம் பேசாத மாணவி போதும்.

படி 4: மறுக்கும் காட்சி

"வரலைடா."

"ஏன், அம்மா திட்டுவாங்களா?"

"இல்ல. எனக்கு வேணாம்."

இதற்கு மேல் அவன் விளக்கினால் உங்கள் குரல்தான் கேட்கும்.

படி 5: அதற்கு அப்புறம்

மறுத்த உடனே கதையை முடிக்காதீர்கள். கிரிக்கெட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், அவன் வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள். இந்தத் தனிமைக்கு இரண்டு மூன்று அத்தியாயங்களாவது கொடுங்கள். நண்பன் திருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதல் வரைவு முடிந்ததும் ப்ளஸ் ஒன் படிக்கும் யாரிடமாவது கொடுங்கள். "நாங்க இப்படிப் பேச மாட்டோம்" என்று அவர் காட்டும் வரிகளை யோசிக்காமல் மாற்றுங்கள்.