நாள் குறித்த பிறகு தொடங்கும் மறைக்கல்வி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மறைக்கல்வியில், அதாவது பிள்ளைகளுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில், காணும் பிழைகளில் பாதிக்கு மேல் ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன. முதலில் சடங்குக்கு நாள் குறிக்கிறோம். அப்புறம் மிச்சமிருக்கும் கிழமைகளை எண்ணி, அதற்குள் பாடத்தைத் திணிக்கிறோம். பிள்ளைகள் பூசையில் முதல் தடவை நற்கருணை வாங்கும் முதல் நன்மையிலும் இதுதான் நடக்கிறது, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் கேட்டு வரும் பெரியவர்களிடமும் இதுதான் நடக்கிறது. இங்கே சொல்வது பெரும்பாலும் கத்தோலிக்க நடைமுறை. மற்றச் சபைகளோடு உரசும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

முதல் நன்மையையே எடுத்துக்கொள்வோம். மண்டபம் பதிவாகிவிடும், வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுத்தாயிற்று, வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா டிக்கெட் போட்டுவிட்டார். இனி அந்தப் பிள்ளை ஆயத்தமா என்று கேட்க மறையாசிரியருக்கு வாய் வராது. கேட்டாலும், "செபமெல்லாம் பாடம் ரீச்சர், ஒரு பிரச்சினையுமில்லை" என்று தாய் முந்திக்கொள்வார். திருச்சபைச் சட்டம் எந்த வகுப்பில் நன்மை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. பிள்ளை தன் வயதுக்கேற்ற அளவில் விளங்கியிருக்க வேண்டும், விசுவாசத்தோடு வாங்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆயத்தமில்லாத பிள்ளை அடுத்த வருடம் வாங்கினால் குடிமுழுகிப் போகாது. ஆனால் நண்பர்கள் எல்லோரும் வாங்கும்போது தன் பிள்ளை மட்டும் பின்தங்குவதை எந்தத் தாய் விடுவார்?

நன்மை முடிந்த அடுத்த மாதம் வகுப்பில் பாதி வாங்கு காலி. ஞாயிறு காலையில் புலமைப்பரிசில் ரியூசன் தொடங்கியிருக்கும். இதற்குப் பெற்றோரை மட்டும் திட்டிப் பயனில்லை. நன்மையோடு படிப்பு முடிகிறது என்ற எண்ணத்தை நாம்தான் கொடுக்கிறோம். சான்றிதழ், பரிசு, குழுப்படம் எல்லாம் அன்றைக்கே கொடுத்தால் பிள்ளை என்ன நினைக்கும்? சான்றிதழை வருட முடிவுக்குத் தள்ளிவையுங்கள். நன்மை வாங்கிய அடுத்த ஞாயிறே வகுப்பு வையுங்கள். போன கிழமை பீடத்தடியில் என்ன நடந்தது, குருவானவர் எதைச் சொன்னார், ஏன் "ஆமென்" என்றோம் என்று பேசுங்கள். வாங்குவதற்கு முன் ஆறு மாதம் சொல்லியும் ஏறாதது, வாங்கிய பிறகு ஒரே நாளில் ஏறும்.

மனப்பாடம் பற்றி இரண்டு பக்கமும் பிழை விடுகிறார்கள். பழைய ஞானோபதேசம் கேள்வியும் பதிலுமாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை விளங்காமலே ஒப்புவிக்கும். அதை வெறுத்து இப்போது சில இடங்களில் படத்துக்கு நிறம் தீட்டுவதும் பாட்டுக்குக் கைதட்டுவதுமே வகுப்பாகிவிட்டன. அந்த வயதில் மனதில் பதிந்த செபம் சாகும்வரை நிற்கும். பாடமாக்கச் சொல்வதில் தவறில்லை, பாடமானதும் விட்டுவிடுவதுதான் தவறு. இன்னொன்று, 1992 இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலுக்கு நான்கு பகுதிகள்: விசுவாசம், அருட்சாதனங்கள், கிறிஸ்தவ ஒழுக்க வாழ்வு, செபம். நம் வகுப்புகள் மூன்றாவது பகுதியிலுள்ள கட்டளைகளில் வந்து உட்கார்ந்துவிட்டால் எழும்புவதில்லை. நான்காவது பகுதிக்கு வரும்போது வருடம் முடிந்திருக்கும்.

பாடசாலையில் சமயம் படிக்கிறதே, அது போதாதா என்றும் கேட்பார்கள். சாதாரணதரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் தனித்தனிப் பாடங்கள். அதில் ஏ எடுத்த பிள்ளைக்கு, குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வதென்று தெரியாமலிருக்கலாம். பாடம் சொல்லித்தர ஆளில்லாத பாடசாலையில் இருப்பது ஓரிரு கிறிஸ்தவப் பிள்ளைகள் என்றால், பங்கு அந்தப் பிள்ளைகளின் பெயரைக் கையில் வைத்திருக்க வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பேருந்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு நகரத்து நேர அட்டவணை சரிவராது; வகுப்பைப் பூசைக்குப் பிறகே வைத்துவிடலாம்.

அடுத்தது பயமுறுத்தல். "பொய் சொன்னால் யேசு அடிப்பார்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் வாக்கியம். வேறு ஊரில் இது சாதாரணப் பிழை. இங்கே அது கொடுமையான பிழை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போன கரை இது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகளும் இறந்தார்கள். அதற்கு முன்னர் யுத்தம். இந்த வீடுகளில் வளரும் பிள்ளை ஒருநாள் கேட்கத்தான் செய்யும்: "அவங்களைக் கடவுள் ஏன் விட்டார்?"

அப்போது மறையாசிரியர் வாயில் முதலில் வருவது "கடவுளின் சித்தம்". அல்லது, நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார் என்பது. இதைக் கேட்ட பிள்ளை அன்றிரவு, நானும் நல்ல பிள்ளையாக இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடல் வந்தது பாவத்துக்குத் தண்டனை என்று பேசிய பெரியவர்களும் இருந்தார்கள். லூக்கா நற்செய்தி 13 ஆம் அதிகாரத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று யேசுவே கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் அதே பதில்தான். பிள்ளைக்கு இந்த இரண்டையும் வாசித்துக் காட்டுங்கள். மிச்சத்துக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். லாசர் செத்தபோது யேசு அழுதார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்கு மேல் விளக்கம் கொடுக்கப் போனால்தான் வினை.

சரி, பெரியவர்களுக்கு வருவோம். நம் பக்கம் ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களில் நிறையப் பேர் கல்யாண வழியாக வருகிறார்கள். பெண் கத்தோலிக்கம், மாப்பிள்ளை சைவம். திகதி வைத்தாயிற்று, மூன்று கிழமைக்குள் "எடுத்துவிட" வேண்டும். இரண்டு குடும்பமும், சில வேளை மறையாசிரியரும், ஞானஸ்நானம் இல்லாமல் கோவிலில் தாலி ஏறாது என்றே நம்புகிறார்கள். அது பிழை. ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணமுடிக்க ஆயரின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். 2012 இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானதிலிருந்து இரண்டு மாவட்டத்துக்கும் அந்த விண்ணப்பம் மட்டக்களப்பு ஆயர் இல்லத்துக்கே போகிறது. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவர் மதம் மாற வேண்டியதில்லை. யாரையும் வற்புறுத்தி விசுவாசத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. இதை முதல் நாளே மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகும் வருகிறவர் உண்மையில் வருகிறார்.

அப்படி வருகிறவருக்கு எவ்வளவு காலம்? விதைத்த கிழமையே தாக்கத்தி தீட்டக் கூடாது. 1972 இல் வத்திக்கான் வெளியிட்ட பெரியவர்களுக்கான புகுமுகச் சடங்குமுறை இதைப் படிகளாகப் பிரிக்கிறது. முதலில் கேள்வி கேட்கும் காலம், பிறகு ஆயத்த காலம், அது தேவையானால் வருடக்கணக்கிலும் போகலாம். தவக்காலத் தொடக்கத்தில், ஞானஸ்நானத்துக்கு ஆளைத் தேர்ந்துகொள்ளும் சடங்கு. தவக்காலத்தின் 3 ஆம், 4 ஆம், 5 ஆம் ஞாயிறுகளில், மனத்தைச் சோதித்துத் தூய்மைப்படுத்தும் ஆய்வுச் சடங்குகள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நன்மை மூன்றும் ஒன்றாக. அதன் பிறகு பெந்தெகொஸ்து வரை, பெற்றதை உள்வாங்கிக்கொள்ள இன்னொரு காலம். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையைத் தாயோடு சேர்த்து ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்தால், கைக்குழந்தைக்குச் செய்வதுபோல் செய்துவிடுவதும் தவறு. சட்டப்படி அந்தப் பிள்ளை பெரியவர் கணக்கில்தான் வரும், அதற்கும் ஆயத்தம் வேண்டும்.

மெதடிஸ்தம், அங்கிலிக்கன் சபைகளிலிருந்து வருகிறவர்களை இந்த வரிசையில் நிறுத்தக் கூடாது. 1814 இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கிய காலத்திலிருந்து மெதடிஸ்த சபை இங்கே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துப் பிள்ளையைப் புறச்சமயத்தவர் மாதிரி நடத்துவது அவமரியாதை. தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் கொடுத்திருந்தால் அது செல்லும். மறுபடி கொடுக்கக் கூடாது. சபைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், விசுவாச அறிக்கையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி மிகவும் நோகும் இடம், சொந்தபந்தம். புதிதாக வந்தவர் ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுக்கப் பார்ப்பார். சில வேளை நாமே அறுக்கச் சொல்கிறோம். பொட்டை அழி, கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிச் சடங்கு நடக்கும் நாட்களில் அம்மா வீட்டுக்குப் போகாதே, பக்கத்து வீட்டுப் பொங்கலை வாங்காதே. மட்டக்களப்பில் ஒரு ஆளுக்குக் குடி, அதாவது தாய்வழிக் குலம், என்பது வெறும் பெயரல்ல. கோவில் முறையும் உரிமையும் உறவும் அதோடு வரும். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்றச் சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று எழுதி வைத்தது. வழிபாட்டில் பங்கெடுப்பது வேறு, அம்மாவின் சோற்றைச் சாப்பிடுவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பொறுமையாக இருந்து பேச வேண்டும்.

பேசாமல் விடுவதில் பெரியது செத்தவீடு. மூத்த மகன் ஞானஸ்நானம் எடுக்கிறார். நாளைக்கு அப்பா கண்ணை மூடினால் கொள்ளி யார் வைப்பது, கடமை யார் செய்வது? இதைச் சவம் நடு வீட்டில் கிடக்கும்போது பேசப் போனால் ஊரே இரண்டாகும். ஆயத்த காலத்திலேயே அவரும் தகப்பனும் தம்பிமாரும் பங்குத்தந்தையும் இருந்து பேசட்டும். பாடை தூக்குவதையும் கூட்டத்தோடு இருந்து அழுவதையும் எந்தச் சபையும் தடுக்க முடியாது.

பெயர் விடயம் சின்னது, ஆனால் அலைச்சல் கூடியது. ஞானஸ்நானத்துக்குப் பெயர் மாற்ற வேண்டுமென்று சட்டமில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணான பெயர் கூடாது, அவ்வளவே. புதுப் பெயரை எல்லா இடமும் எழுதத் தொடங்கி, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்று ஆனால் பிரதேச செயலகத்துக்கு நடந்தே கால் தேயும்.

உதவியையும் போதனையையும் ஒரே கூரையின் கீழ் வைக்காதீர்கள். அரிசிப் பொதி கொடுக்கும் நாளில் வகுப்புக்கு ஆள் சேர்த்தால், உதவியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று சுனாமிக்குப் பிறகு எழுந்த சந்தேகம் மறுபடி எழும், எழுவதில் நியாயமும் இருக்கும். விரும்பிய சமயத்தை ஏற்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை தருகிறது. பசியில் இருக்கிறவர் எடுக்கும் முடிவைச் சுதந்திரம் என்று யார் சொல்வது? இலவச ரியூசனுக்கு வரும் அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனைக் கேட்காமல் சமயம் படிப்பிப்பதும் இதே வகைதான். எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியே கதவடைத்து இருக்கக் கூடாது என்பதை இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஞானப்பெற்றோரைத் தெரிவு செய்வதிலும் இலண்டன் பெரியப்பாவுக்கே முதலிடம். காணொளியில் கையசைத்துவிட்டு, சங்கிலிக்குக் காசு அனுப்புவார். 16 வயதானவர், உறுதிபூசுதல் பெற்றவர், விசுவாசத்தை வாழ்கிறவர், தாய் தகப்பன் அல்லாதவர் என்பதுதான் சட்டம் கேட்பது. பணமோ வெளிநாடோ அதில் இல்லை. புதிதாக வந்தவருக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் ஆளைப் போடுங்கள். பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு அவர் பூசைக்கு வராவிட்டால், மத்தியானத்துக்குள் வீட்டு வாசலில் போய் நின்று "என்ன தம்பி, சுகமில்லையா?" என்று கேட்கிற ஆளாக இருக்க வேண்டும்.