போன்லயே வளர்ற பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறது எப்படி

மொதல்ல ஒரு நெனப்ப மனசுல இருந்து எடுத்துடுங்க. 2001ல மார்க் பிரென்ஸ்கின்னு ஒரு அமெரிக்கர், கம்ப்யூட்டர், போனோடயே பொறந்து வளர்ற தலைமுறைக்கு டிஜிட்டல் நேட்டிவ்ஸ்னு பேர் வச்சாரு, அதுல இருந்து ட்ரெய்னிங் போனாலும் சரி, ஸ்டாஃப் ரூம்ல பேசினாலும் சரி, இந்த பசங்களுக்கு நம்மள விட எல்லாம் தெரியும்ங்கற பேச்சு தான். எட்டாங்கிளாஸ் பையனுக்கு ரீல்ஸ் எடிட் பண்ண தெரியும், நம்ம போன்லயே நமக்கு தெரியாத செட்டிங்ஸ்லாம் தெரியும், ஆனா ஒரு விஷயத்த தேட சொல்லி பாருங்க, மைக்க அழுத்தி புக்ல இருக்கற கேள்விய முழுசா படிப்பான், மேல எது வருதோ அத நோட்ல எழுதிப்பான், வேல முடிஞ்சுது. யார் எழுதினது, எப்ப எழுதினது, உண்மையான்னு பாக்கற பழக்கமே இல்ல. அத யாரும் சொல்லிக்குடுக்கல, நாம தான் சொல்லிக்குடுக்கணும். போனோட போட்டி போட்டு கிளாஸ கலகலன்னு ஆக்கறத விட இது ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கறேன்.

வருஷ ஆரம்பத்துல ஒரு துண்டு பேப்பர் குடுத்து மூணு கேள்வி கேளுங்க: வீட்ல போன் யாருது, உன் கைக்கு எத்தன மணிக்கு வரும், டேட்டா எப்ப தீரும். பேர் எழுத வேணாம்னு சொல்லிடுங்க, அப்ப தான் உண்மைய எழுதுவாங்க. அப்பா டெலிவரி வேலைக்கோ ஆட்டோவுக்கோ எடுத்துட்டு போயிட்டு ராத்திரி வந்தா தான் போனுங்கற வீடு நம்ம ஊர்ல நெறைய. அந்த புள்ளைக்கு வாட்ஸப்ல ஹோம்வொர்க் அனுப்பிட்டு மறுநாள் நிக்க வைக்கறது பெரிய அநியாயம். அதனால நெட் வேணும்ங்கற வேல எல்லாம் ஸ்கூல்லயே, ஹைடெக் லேப்ங்கற கம்ப்யூட்டர் ரூம்லயோ நம்ம போன்லயோ முடியணும், வீட்டுக்கு குடுக்கறது நெட் இல்லாம செய்யறதா இருக்கணும்.

அடுத்தது கவனம். பசங்களுக்கு பத்து நிமிஷம் கூட உக்கார முடியலன்னு எல்லாரும் சொல்றோம், அதே பையன் கேம்ல ஒரு மணி நேரம் அசையாம இருக்கான், ஏன்னா அங்க நிமிஷத்துக்கு நிமிஷம் அவன் ஏதாவது செய்யணும், செஞ்சது சரியா தப்பான்னு அப்பவே தெரிஞ்சிடுது. நம்ம பீரியட்ல நாப்பது நிமிஷமும் நாமளே பேசிட்டு டெஸ்ட் பேப்பர அடுத்த வாரம் குடுக்கறோம். இத மாத்த எந்த மெஷினும் வேணாம். பத்து நிமிஷம் நடத்துங்க, ஒரு கேள்வி போடுங்க, எல்லாரும் ரஃப் நோட் கடைசி பக்கத்துல பெருசா விடை எழுதி ஒரே நேரத்துல தூக்கி காட்டணும். யாருக்கு புரியலன்னு ஒரே பார்வைல தெரிஞ்சிடும், அவங்களுக்கும் தெரிஞ்சிடும். கிளாஸ் ஆரம்பிக்கும்போது புக்க மூடிட்டு முந்தின நாள் பாடத்துல மூணு கேள்வி கேளுங்க, இதுக்கு மார்க் கிடையாது. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் காலேஜ் ஸ்டூடண்ட்ஸ வச்சு பண்ண ஆராய்ச்சில, திரும்பத் திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல நல்லா பண்ணாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு வச்சப்ப, பாக்காம ஞாபகப்படுத்தி எழுதிப் பழகினவங்க தான் அதிகம் ஞாபகம் வச்சிருந்தாங்க. எப்ப வேணா கூகுள்ல பாத்துக்கலாம்னு பழகின பசங்களுக்கு இந்தப் பயிற்சி ரொம்பவே தேவை.

வீடியோவ பொறுத்தவரைக்கும், 2018ல வந்த புது பாடப்புத்தகத்துல இருந்தே க்யூஆர் கோடு இருக்கு, 2023ல பாட வீடியோவுக்குன்னே பள்ளிக்கல்வித்துறையோட மணற்கேணி ஆப்பும் வந்துடுச்சு, ஆக கிடைக்கலன்னு சொல்றதுக்கு இல்ல. ஆனா வீடியோவ போட்டுட்டு நாம ஓரமா உக்காந்துட்டா அவங்க வீட்ல பாக்கற மாதிரியே பாத்துட்டு மறந்துடுவாங்க. முந்தின நாளே டவுன்லோடு பண்ணி பாத்துடுங்க, கிளாஸ்ல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ நிறுத்தி அடுத்து என்ன ஆகும்னு எழுத சொல்லுங்க, அப்புறம் சவுண்ட ஆஃப் பண்ணி திரும்ப ஓட்டி, ஒரு புள்ளைய எழுந்து விளக்கம் சொல்ல சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வீடியோ ஒரு பீரியட் புடிக்கும், புடிக்கட்டும்.

இப்ப தேடறது, சரிபாக்கறது எப்படி சொல்லிக்குடுக்கறதுன்னு ஒரு பாடத்த விரிவா சொல்றேன், ஏழாங்கிளாஸ் சதவீதத்துக்கு அருமையா பொருந்தும். சென்னைக்கு குடிதண்ணி குடுக்கற மெட்ரோ வாட்டர் வெப்சைட்ல தினமும் நம்ம ஏரிங்களோட அளவு போடுவாங்க, பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், எல்லாம் இருக்கும். தினம் ஒரு பொண்ணோ பையனோ ஸ்கூல்ல அத பாத்து போர்டு ஓரத்துல எழுதணும், மத்தவங்க கிராஃப் பேப்பர்ல புள்ளி வைக்கணும். செம்பரம்பாக்கத்தோட கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இருப்பு 2,916ன்னு வச்சுக்குங்க, வகுத்தா சரியா 80 சதவீதம். இதுவரைக்கும் சாதாரண கணக்கு. அடுத்து உயரத்த குடுங்க. ஏரியோட முழு உயரம் 24 அடி, இப்ப 21 அடி சொச்சம் இருக்குன்னா அது 87 சதவீதத்துக்கு மேல போகுது. எது சரின்னு கேட்டுட்டு சும்மா நில்லுங்க, பதில் சொல்லிடாதீங்க. கூகுள் பண்ணா நேரா விடை வராத கேள்வி இது, அவங்களே தான் சண்ட போட்டு கண்டுபுடிக்கணும். திணறினா போர்டுல ஒரு வாணலி படம் போடுங்க, அடில குறுகல், மேல போகப் போக அகலம், அப்ப மேல இருக்கற ஒரு அடிக்கும் கீழ இருக்கற ஒரு அடிக்கும் ஒரே அளவு தண்ணியான்னு கேளுங்க. யாராவது ஒரு புள்ள எழுந்து "மேல ஒரு அடில நெறைய தண்ணி புடிக்கும் மிஸ், அதான் ரெண்டும் சேரல"ன்னு சொல்லும்போது கிளாஸே திரும்பி பாக்கும், அந்த நிமிஷத்துக்காக எவ்ளோ மெனக்கெட்டாலும் தகும்.

அதே கிராஃப மழைக்காலத்துக்கு பத்திரமா வச்சுக்குங்க. நவம்பர் வந்தாலே ஏரி ஒடஞ்சிருச்சு, நகரமே முழுகப்போகுதுன்னு ஃபார்வர்டு வரும், 2015 வெள்ளத்த பாத்த வீடுங்கறதால பெரியவங்களும் பதறிப்போய் அனுப்புவாங்க. அந்த மெசேஜ பேப்பர்ல எழுதிட்டு வர சொல்லுங்க. தேதி இருக்கா, யார் சொன்னதுன்னு இருக்கா, மேல ரெண்டு அம்புக்குறி இருந்துச்சா, அப்படி இருந்தா அது பல கை மாறி வந்ததுன்னு வாட்ஸப்பே சொல்லுது. அப்புறம் நம்ம கிராஃப்ல இன்னிக்கு என்ன அளவு, கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு என்ன சொல்லுதுன்னு ஒப்பிட்டு பாக்கணும். 2020 நவம்பர் 25 நிவர் புயல் அன்னிக்கு செம்பரம்பாக்கத்துல 22 அடி வந்ததும் தான் மதகு திறந்தாங்க. திறக்கறது வேற, ஒடையறது வேறன்னு இத வச்சே புரிய வைக்கலாம். இந்த புள்ளைங்க வீட்டுக்கு போய் பாட்டிக்கு விளக்கும், அது தெரு முழுக்க போகும்.

சாட்ஜிபிடி பத்தி நெறைய பேர் பயப்படறாங்க. "நீர் மேலாண்மை பற்றி கட்டுரை எழுதுக"ன்னு குடுத்தா அது தான் எழுதும், வேற யார் எழுதுவா. அதுக்கு பதிலா, 2015ல உங்க தெருவுல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு, வீட்ல எத மொதல்ல தூக்கி மேல வச்சாங்கன்னு அம்மாவ கேட்டு ஒரு பக்கம் எழுதிட்டு வர சொல்லுங்க. வேற ஊர்ல இருந்து வந்த குடும்பம்னா இப்ப வீட்டுக்கு தண்ணி லாரியா, குழாயா, கேனான்னு எழுதட்டும். இன்னொரு நாள் ஏஐ எழுதின கட்டுரைய பிரிண்ட் போட்டு குடுத்து தப்ப கண்டுபுடிக்க சொல்லுங்க, ஊர் பேர், ஆறு பேர், வருஷம் இதுல எல்லாம் அது தைரியமா தப்பு சொல்லும், அத புடிக்கறதுல பசங்களுக்கு அவ்ளோ சந்தோஷம்.

இன்னொன்னு, நீளமா படிக்கற பழக்கம். வாரத்துக்கு ரெண்டு நாள் அச்சடிச்ச கதைய வச்சு சத்தமில்லாம படிக்கற நேரம் விடுங்க, அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க, நாமளும் அவங்களோட உக்காந்து படிக்கணும், அந்த நேரத்துல நோட் திருத்தக்கூடாது. பத்தாவதுல மூணு மணி நேரம் பேப்பர்ல தான எழுதணும். புக் இல்லன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைகளுக்குன்னே தனி பிரிவு இருக்கு, ஒரு தடவ கூட்டிட்டு போங்க.

பேரண்ட்ஸ் மீட்டிங்ல போன புடுங்குங்கன்னு சொல்லாதீங்க, நடக்காது. தூங்கற ரூம்ல சார்ஜ் போட வேணாம், சமையல்கட்டுல போடுங்கன்னு சொல்லுங்க, அத செய்ய முடியும்.

இது எல்லாத்தையும் ஒரே மாசத்துல ஆரம்பிக்க வேணாம், புக்க மூடிட்டு மூணு கேள்வி கேக்கறத நாளைக்கே தொடங்கிடலாம், ஏரி கிராஃப் மட்டும் ஜூன்லயே ஆரம்பிச்சுடுங்க, அப்ப தான் தண்ணி எறங்கறதும் நவம்பர், டிசம்பர்ல ஏறறதும் ரெண்டுமே அந்த பேப்பர்ல விழும்.