மச்சா, மெனியா? குமுளிக் கடையில் கற்ற இங்கிலீஷ்

கம்பத்திலிருந்து தினமும் மலையேறிப் போய் குமுளியில் ஒரு மசாலாக் கடையில் வேலை பார்க்கிறேன். தேக்கடிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் பேசிப் பேசி வந்ததுதான் என் இங்கிலீஷ். கடை வாசல் ஃப்ளெக்ஸுக்கு ‘ஃப்ரீ இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதிக் கொடுத்ததும் நானேதான். ஒரு பாட்டியம்மா கடைசி எஸ்ஸை விரலால் மறைத்துக் காட்டிச் சிரித்தார். இன்றும் அந்த எஸ் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

இங்கிலீஷில் எண்ணக் கூடிய சொல்லுக்கு மெனி, எண்ணக் கூடாத சொல்லுக்கு மச். எது எந்த வகை என்று பிரிக்க நான் கற்ற வழி இதுதான். முதல் படி: கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். ‘எத்தனை’ வந்தால் மெனி, ‘எவ்வளவு’ வந்தால் மச். எத்தனை பை? ஹவ் மெனி பேக்ஸ். எவ்வளவு பால்? ஹவ் மச் மில்க். ஆனால் இது பாதிக் கிணறுதான்.

இரண்டாம் படியில்தான் நான் விழுந்தேன். ‘எத்தனை லக்கேஜ்?’ என்று நாம் சாதாரணமாகக் கேட்போம். இங்கிலீஷில் அது செல்லாது. அதே மூட்டையை பேக் என்றால் எண்ணலாம், லக்கேஜ் என்றால் எண்ணக் கூடாது. பொருளைப் பார்க்காதீர்கள், சொல்லைப் பாருங்கள். போடிநாயக்கனூரில் ஏலம் விடும்போது ஏலக்காய்க்குக் கிலோக் கணக்கு. பாயசத்துக்குப் போடும்போது நாலு ஏலக்காய். காய் ஒன்றுதான், நாம் பார்க்கும் விதம்தான் வேறு. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், பிரெட் எல்லாம் இங்கிலீஷ்காரர்களுக்குக் கிலோக் கணக்குச் சரக்கு. எஸ் சேராது, முன்னால் ‘எ’, ‘அன்’ வராது. நியூஸில் எஸ் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். த நியூஸ் இஸ் குட் என்பதுதான் சரி.

மூன்றாவது, எண்ணியே ஆக வேண்டுமென்றால் முன்னால் ஓர் அளவைச் சேருங்கள்: எ பீஸ் ஆஃப் அட்வைஸ், டூ கிலோஸ் ஆஃப் பெப்பர். மூன்று ஏலக்காயை த்ரீ கார்டமம் பாட்ஸ் என்கிறோம், பாட் என்றால் காய். கிராம்புக்கு இந்தத் தொல்லை இல்லை, த்ரீ க்ளோவ்ஸ் போதும்.

சந்தேகம் வந்தால் மொழிபெயர்ப்பு ஆப் பக்கம் போகாதீர்கள், அது இதைச் சொல்லாது. கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் சொல்லுக்குப் பக்கத்திலேயே சி அல்லது யு என்று போட்டிருக்கும். சி என்றால் எண்ணலாம், யு என்றால் கூடாது.

பின்சேர்க்கை: ‘பணத்தை எண்ணுகிறோமே, மணி மட்டும் ஏன் யு?’ என்று கூடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நாம் எண்ணுவது ரூபாயை. ‘எத்தனை பணம் வைத்திருக்கிறாய்’ என்று நாமும் கேட்பதில்லையே. இன்னொருவர், டூ காஃபீஸ் தப்பா என்றார். காபிக்கு சி, யு இரண்டும் உண்டு. தூளாக வாங்கும்போது யு. கடையில் இரண்டு கப் சொல்லும்போது டூ காஃபீஸ், தாராளமாக.