டிரில் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

மும்பையில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் துணி காயாது. செம்பூரில் குடியேறிய முதல் ஆண்டு, பால்கனி கூரையில் துணி உலர்த்தும் சட்டத்தைத் தொங்கவிட, புதிதாக வாங்கிய கார்ட்லெஸ் டிரில்லோடு ஸ்டூல் மேல் ஏறினேன். பூச்சு மாவாக உதிர்ந்தது. ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனதும் டிரில் கீச்சிட்டபடி நின்ற இடத்திலேயே சுற்றியது. விடாமல் அழுத்தினேன். துளையிடும் கம்பியான பிட்டின் முனை சூட்டில் நீலம் பாய்ந்து மழுங்கியது. பேட்டரி தொட முடியாதபடி சுட்டது. டிரில்லில் ஒரு பழுதும் இல்லை. கான்கிரீட் தளத்தைத் துளைக்கும் வேலைக்கு அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

கடையில் எல்லோரும் விலையையும் வோல்ட்டையும் பார்க்கிறோம். வீட்டுச் சுவரை யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான பணம் வீணாவது இங்கேதான். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் செங்கல் சுவர்கள் உண்டு. தளமும் உத்தரமும் கான்கிரீட்டாக இருக்கும். புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் அலுமினிய அடைப்பு வைத்துச் சுவரையே கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். கட்டுமானக்காரர்கள் அதை மிவான் என்பார்கள். உங்கள் வீடு எந்த வகை என்று தெரியாவிட்டால், முன்பு போட்ட ஆணி ஓட்டை ஒன்றைச் சுரண்டிப் பாருங்கள். சிவப்புத் தூள் கொட்டினால் செங்கல். வெள்ளையாக, எளிதில் பொடிந்தால் எடை குறைந்த பிளாக். சாம்பல் நிறத்தில் கல்லாக எதிர்த்தால் சிமெண்ட் பிளாக் அல்லது கான்கிரீட்.

செங்கல்லுக்கு ஹாமர் வசதியுள்ள, அதாவது சுற்றும்போதே அடிக்கவும் செய்கிற, 12 வோல்ட் டிரில்லே போதும். ஹாமர் இல்லாத டிரில் மரத்துக்கும் தகரத்துக்கும் திருகு முடுக்கவும்தான் ஆகும். இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். பாஷ் வாங்குவதானால் மாடல் எழுத்துகளைப் படியுங்கள்: ஜிஎஸ்ஆர் (GSR) என்றால் ஹாமர் கிடையாது, ஜிஎஸ்பி (GSB) என்றால் உண்டு. மற்றவற்றில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் அருகே உள்ள வளையத்தில் சுத்தியல் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் இந்த ஹாமர், பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுவதால் வரும் அதிர்வுதான். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அடி. ரோட்டரி ஹாமரில் பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கிறது. அது வேறு கருவி. கடைசியில் எலக்ட்ரீஷியன் ஒருவர் அதைக் கொண்டுவந்து என் பால்கனி கூரையில் நான்கு ஓட்டைகளையும் ஐந்து நிமிடத்தில் முடித்தார். சட்டத்தைத் திருகு வைத்து முடுக்கிய வேலையை என் டிரில் அழகாகச் செய்தது. தளத்தில் இரண்டு மூன்று ஓட்டைகள்தான் தேவை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். அதற்காக விலை கூடிய டிரில் வாங்காதீர்கள்.

அடுத்தது வோல்ட் மயக்கம். ஒரு லித்தியம் அயன் செல் சராசரியாக 3.6 வோல்ட் தரும். சார்ஜ் நிறைந்ததும் 4.2 இருக்கும். ஐந்து செல்லைக் கோத்தால் 18 வோல்ட். அதையே முழு சார்ஜில் அளந்து 20 என்றோ 21 என்றோ அச்சிடுகிறார்கள். 21 போட்ட டிரில் 18 போட்டதைவிட வலிமையானது என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 48 வோல்ட் என்று அச்சிட்ட மலிவு டிரில்களும் விற்கின்றன. அந்த வோல்ட் வர சுமார் 13 செல் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பேட்டரிக்குள் அத்தனை செல் எங்கே இருக்கும்? சராசரி வோல்ட்டை, பெட்டியில் Ah என்று இருக்கும் ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. அதுதான் பேட்டரியின் உண்மையான இருப்பு. ஆம்பியர்-மணியே அச்சிடாத பெட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். மோட்டார் நன்றாக இருக்கும்போதே பேட்டரி செத்துப் போன டிரில்கள் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. மும்பையின் நாகதேவி தெருவில் பத்தடிக்கு ஒரு கருவிக்கடை இருப்பதால், கேட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். டிரில்லை மாதக் கணக்கில் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள்; முழுக்கத் தீர்ந்த நிலையில் வைக்காதீர்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜரில் போடவும் கூடாது.

இம்பாக்ட் டிரைவர் என்பது திருகு முடுக்கும் கருவி. பெயரைப் பார்த்துச் சுவருக்கு வாங்கிவிடாதீர்கள். டிரில்லோடு நூறு துண்டுகள் இலவசம் என்று வரும் பெட்டியையும் நம்ப வேண்டாம். கார்பைடு முனை வைத்த நல்ல 6 மில்லிமீட்டர் பிட் இரண்டு தனியாக வாங்குங்கள்.

குளியலறை டைலில் ஓட்டை போடும்போது ஹாமரை அணைத்துவிடுங்கள். குறி வைத்த இடத்தில் காகித டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. மெதுவான வேகத்தில் டைலைக் கடந்து, சுவரின் தூள் வெளியே வர ஆரம்பித்த பிறகு ஹாமரைப் போடுங்கள்.