பரஸ்பர விவாகரத்து: கையெழுத்துப் போடும் அவசரத்தில் நடக்கும் தவறுகள்

எதிர்த்து நடத்தும் விவாகரத்து வழக்கில் மனுவின் ஒவ்வொரு வரியையும் எதிர்த்தரப்பு வக்கீல் துருவிப் பார்ப்பார். சம்மத மனுவை அப்படிப் பார்க்க ஆள் இல்லை. வாய்தாவுக்கு அலையாமல் முடிந்தால் போதும் என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடும். தீர்ப்பு கைக்கு வந்த சில மாதங்களில் ‘அவ்வப்போது’, ‘வசதிக்கேற்ப’ போன்ற சொற்கள் வேலையைக் காட்டத் தொடங்கும்.

முதலில், மனுவே போடாமல் செய்யும் தவறு. பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் ‘இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கிவிட்டால் கதை முடிந்தது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடியாது. சமூக வழக்கப்படியான விவாகரத்தை 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். லேசில் நடக்கிற காரியமில்லை. அது நிரூபணமாகாவிட்டால், அந்தத் தாளை நம்பிச் செய்துகொண்ட மறுமணம் செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவில் குற்ற வழக்கும் வரலாம்.

கணக்குத் தப்பும் இடங்கள்

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனு போட, குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு தாக்கலான 6 மாதத்துக்குப் பிறகு, 18 மாதத்துக்குள் இருவரும் சேர்ந்து இரண்டாம் கட்டமாகத் தீர்ப்புக் கோர வேண்டும். (கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு சட்டம் தனி, சிறப்புத் திருமணச் சட்டத்தில் 28-ஆவது பிரிவு. எந்தச் சட்டத்தில் திருமணம் நடந்ததோ அதில்தான் மனு.) பிரிந்து வாழ்வது என்றால் வேறு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே கூரையின் கீழ் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் பிரிவுதான். தவறு நடப்பது தேதியில். முன்பு கொடுத்த போலீஸ் புகாரில் பிரிந்தது ஜூன் என்று இருக்கும், மனுவில் ஜனவரி என்று இருக்கும். பழைய நோட்டீஸ், புகார் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியை எழுதுங்கள்.

6 மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்டால் கிடைத்துவிடும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிவு முடிந்திருக்க வேண்டும். சேர்த்துவைக்கும் முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை, மற்ற பாக்கிகள் எல்லாம் உண்மையாகவே பேசித் தீர்த்திருக்க வேண்டும். பேச்சு பாதியில் நிற்கையில் தள்ளுபடி கேட்பது வீண்.

பணம் கொடுக்கும் வரிசை இன்னொரு பொறி. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991-இலிருந்தே தெளிவான சட்டம். முழுத்தொகையை முதல் நாளே கொடுத்தவர் அப்போது திண்டாடுவார். எல்லாம் பிறகு தருகிறேன் என்பதை நம்பியவரும் அப்படியே. முதல் கையெழுத்தின்போது ஒரு பங்கு, மீதி இரண்டாம் கட்ட நாளில் நீதிமன்றத்திலேயே டிடியாக என்று பிரித்து எழுதுவதுதான் பாதுகாப்பு. ரொக்கம் வேண்டவே வேண்டாம். நகைகளை ‘எல்லாம் திருப்பித் தரப்பட்டது’ என்று ஒரே வரியில் முடிக்காமல், உருப்படி உருப்படியாக எடையோடு பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள்.

குழந்தை பற்றிய வரிகள்

‘தந்தை குழந்தையை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.’ உடன்படிக்கைகளில் அடிக்கடி காணும் வரி இது. எதையும் நிறைவேற்றித் தராத வரியும் இதுதான். இதை மீறிவிட்டார் என்று நீதிமன்றம் போனால், எதை மீறினார் என்று காட்ட முடியாது. ‘மாதத்தின் முதல், மூன்றாம் வார இறுதி’ என்று எழுதினாலும் போதாது. மாதம் ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் முதல் வார இறுதி எது? அம்மா ஒரு கணக்கு வைத்திருப்பார், அப்பா இன்னொன்று; பிள்ளை பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். இப்படி எழுதினால் தகராறு குறையும்: ‘ஒவ்வொரு மாதமும் முதல் மற்றும் மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தாயின் வீட்டு வாசலில் தந்தை அழைத்துக்கொண்டு, மறுநாள் மாலை 6 மணிக்கு அதே இடத்தில் விடவேண்டும். குழந்தைக்குக் காய்ச்சலோ தேர்வோ இருந்தால் முந்தைய நாள் மாலைக்குள் தெரிவித்து, அடுத்த சனிக்கிழமை ஈடு செய்யவேண்டும்.’ கோடை விடுமுறையில் எத்தனை நாள், பண்டிகைகள் எந்த வருடம் யாரிடம், வீடியோ அழைப்பு எத்தனை மணிக்கு, பள்ளி மாற்றவோ பாஸ்போர்ட் எடுக்கவோ யார் கையெழுத்து என்பதெல்லாம் இதே கறாரோடு வரட்டும்.

பார்க்க விடுவதும் பணம் கொடுப்பதும் தனித்தனிக் கடமைகள். பணம் வரவில்லை என்று பிள்ளையை அனுப்பாமல் இருப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இருவரையுமே நீதிமன்றத்தின் முன் குற்றவாளி ஆக்கும். பாக்கியை வசூலிக்க நிறைவேற்று மனு இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. அதன்படி வாங்கிய உத்தரவு என்றால், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போடவேண்டும். பொறுத்துப் பார்ப்போம் என்று இரண்டு வருடம் காத்திருந்தால் பழைய மாதங்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

குழந்தைக்கான தொகையில் ஆண்டு உயர்வு எழுதாமல் விடுவது சகஜம். இன்று 15,000 ரூபாய், ஆண்டுக்கு 5% உயர்வு என்று எழுதினால் 10 ஆண்டு கழித்து அது 24,400 ரூபாயைத் தாண்டும்; எழுதாவிட்டால் அதே 15,000. ‘குழந்தைக்காக எதுவும் கோரமாட்டேன்’ என்று தாய் எழுதிக்கொடுப்பதும் பயனற்றது. அது குழந்தையின் உரிமை. பெற்றோர் விட்டுக்கொடுக்க முடியாது. 5 வயது முடிந்ததும் குழந்தை தானாகத் தந்தையிடம் போய்விடும் என்பதும் கட்டுக்கதை. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கட்டும் என்றுதான் 1956-ஆம் ஆண்டு இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகும் குழந்தையின் நலன்தான் அளவுகோல். சூழ்நிலை மாறினால் குழந்தை யாரிடம் இருப்பது என்ற உத்தரவை மாற்றக் கேட்கலாம், இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது.

தீர்ப்போடு தானாக முடியாதவை

வரதட்சணைக் கொடுமைப் புகார் நிலுவையில் இருந்தால், விவாகரத்துத் தீர்ப்பு அதை முடித்துவைக்காது. இந்தப் புகாருக்கான 498ஏ வழக்கை (பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவு) தமிழ்நாட்டில் இருவரும் சமாதானமாகி வாபஸ் வாங்கிவிட முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடவேண்டும். புகார்தாரர் அதற்கு எத்தனை நாளுக்குள் சம்மதப் பிரமாணப் பத்திரம் தரவேண்டும் என்பதை உடன்படிக்கையிலேயே எழுதுங்கள்.

வீட்டுக் கடனும் அப்படித்தான். ‘இனித் தவணையைக் கணவர் கட்டுவார்’ என்ற வரி வங்கியைக் கட்டுப்படுத்தாது, வங்கி உங்கள் வழக்கில் தரப்பினர் இல்லை. கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டவர் பெயர் கடன் ஆவணத்தில் இருக்கும்வரை தவணை தவறினால் அவரையும் கேட்பார்கள். பெயரை நீக்க வங்கி ஒப்புக்கொள்கிறதா என்று மனுவுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். தீர்ப்பாணை வந்ததும் சான்றிட்ட நகல் நான்கைந்து வாங்கிவிட்டு, காப்பீடு, பி.எஃப்., வங்கிக் கணக்குகளில் நாமினி பெயரை அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.