எந்த சி.பி.ஓ.? கேம்ப்கிரவுண்ட் சான்றிதழுக்கு நான் போன சுற்றுவழி

அமெரிக்காவில் கேம்ப்கிரவுண்ட் (கூடாரங்களும் ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகளும் தங்கும் இடம்) நிர்வாகத்துக்குச் சான்றிதழ் தேடினால் ‘சி.பி.ஓ.’ என்ற மூன்றெழுத்து சீக்கிரமே கண்ணில் படும். எனக்கும் பட்டது. பணம் கட்டி, வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஆசிரியர் பம்பு, வடிகட்டி, குளோரின் என்று மதியம் வரை பேசினார். இடைவேளையில் பக்கத்தில் இருந்தவரிடம், “முன்பதிவு, ஆர்.வி. மின் இணைப்பெல்லாம் நாளைக்கா?” என்று கேட்டேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

படி 1: விரிவாக்கத்தைப் படியுங்கள்

சர்டிஃபைட் பார்க் ஆபரேட்டர் என்பது ஆர்.வி. பூங்கா, கேம்ப்கிரவுண்ட் உரிமையாளர் சங்கம் வழங்கிவந்த பட்டம். சங்கத்தின் பழைய பெயர் ஏ.ஆர்.வி.சி., இப்போது ஓ.ஹெச்.ஐ. சர்டிஃபைட் பூல் ஆபரேட்டர் என்பது நீச்சல் குளத்துக்கானது. அதைக் கொடுப்பது பூல் அண்ட் ஹாட் டப் அலையன்ஸ். நான் உட்கார்ந்திருந்தது இரண்டாவதில்.

நடந்தது தவறுதான். ஆனாலும் உங்கள் தளத்தில் குளம் இருந்தால் இதையே முதலில் முடியுங்கள் என்பேன். சுகாதார ஆய்வாளர் வந்து கேட்பது பெரும்பாலும் குளச் சான்றிதழைத்தான். பல மாநிலங்களில் பொதுக் குளத்துக்கு அது கட்டாயம்.

படி 2: குளத் தேர்வு

இரண்டு நாள் வகுப்பு, அல்லது பாதி இணையத்தில், பாதி நேரில். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், 50 கேள்வி, 75 சதவீதம் வந்தால் தேர்ச்சி. சான்றிதழ் 5 ஆண்டு செல்லும்.

பார்த்து எழுதும் தேர்வுதானே என்று நான் அசட்டையாக இருந்தேன். கணக்கில் மாட்டினேன்.

40 அடி நீளம், 20 அடி அகலம், சராசரி ஆழம் 4.5 அடி உள்ள குளம் என்று வையுங்கள். பெருக்கினால் 3,600 கன அடி. ஒரு கன அடி சுமார் 7.5 கேலன், அதனால் 7.5 ஆல் பெருக்க, 27,000 கேலன். இதுவரை சரி. மொத்தக் குளோரின் 2.4 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2.4 பங்கு), எதோடும் சேராத தனிக் குளோரின் 1.8. கழித்தால் 0.6, இதுதான் அழுக்கோடு சேர்ந்துபோய்க் கண்ணை எரிக்கும் கூட்டுக் குளோரின். அதை ஒழிக்க அதன் பத்து மடங்கு வேண்டும், அதாவது 6. நான் 6-ஐ வைத்தே மருந்தைக் கணக்கிட்டேன். தண்ணீரில் 1.8 ஏற்கனவே இருக்கிறதே! கூட்ட வேண்டியது 4.2 மட்டும்.

மருந்து 67 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் (குளத்தில் போடும் குளோரின் மருந்து வகை) என்றால், 10,000 கேலனில் 1 பி.பி.எம். ஏற்ற 2 அவுன்ஸ். ஆக 2 × 2.7 × 4.2, சுமார் 22.7 அவுன்ஸ். தேர்வுத் தாளின் ஓரத்தில் ‘இருப்பதைக் கழி’ என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் இன்னொன்றும் முக்கியம்: மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இருவகைக் குளோரின் மருந்துகளை ஒரே வாளியில் கலக்கவே வேண்டாம். குளோரின் அளவு இறங்கும்வரை குளத்தை மூடி வையுங்கள்.

சோதனைக்கு, தாள் பட்டைகளை நான் நம்புவதில்லை. சொட்டுகளை எண்ணும் டி.பி.டி. (குளோரின் பட்டால் நிறம் மாறும் சோதனை மருந்து) பெட்டிதான் என் தேர்வு. நிறம் ஒப்பிடும் டி.பி.டி.யில் ஒரு கண்ணி உண்டு: குளோரின் மிக அதிகமானால் நிறம் வெளுத்து, குளோரினே இல்லாதது போலத் தெரியும். அதை நம்பி இன்னும் கொட்டுபவர்கள் உண்டு.

படி 3: பார்க் சான்றிதழ்

இது ஒரே நாளில் எழுதி முடிக்கும் தேர்வாக இருக்கவில்லை. வேலை அனுபவமும் படித்த வகுப்புகளும் கணக்கில் வந்தன. சங்கத்தின் தேசியப் பள்ளி மேற்கு வர்ஜீனியாவின் ஒகிள்பேயில் பல ஆண்டுகள் நடந்தது. ஆண்டுக்கு ஒரு வாரம் வீதம் இரண்டு ஆண்டு. அப்புறம், முதலுதவியோ தீப் பாதுகாப்போ, எந்த வகுப்பு முடித்தாலும் சான்றிதழ்த் தாளை அன்றே படமெடுத்து வையுங்கள். அப்படி வைக்காததால் நான் இரண்டு வகுப்புகளைத் திரும்ப எடுத்தேன்.

பிற்சேர்க்கை: லிட்டரில் சொல்லுங்கள் என்று சிலர் கேட்டார்கள். 1,000 லிட்டரில் 1 பி.பி.எம். என்பது 1 கிராம் குளோரின். மேலே சொன்ன குளம் சுமார் 1,02,000 லிட்டர். 102 × 4.2, சுமார் 428 கிராம். மருந்து 67 சதவீதம்தான் என்பதால் 0.67 ஆல் வகுங்கள்: சுமார் 640 கிராம். 22.7 அவுன்ஸும் அதே அளவுதான், சரிபார்த்துவிட்டேன்.